கடல் வேலைக்குப் போகிறவரின் மருத்துவச் செலவும் காப்புறுதியும்: பந்திங் வட்டாரக் குடும்பங்களுக்கு ஒரு வழிகாட்டி

மலேசியாவின் பந்திங், ஜெஞ்சாரோம், கேரித்தீவுப் பக்கத்துச் செம்பனைத் தோட்டங்களில் வளர்ந்த பிள்ளைகள் கிள்ளான் துறைமுகத்து வேலையோடு நின்றுவிடாமல், அங்கிருந்து புறப்படும் கப்பல்களிலேயே ஏறிப் போகத் தொடங்கிப் பல காலம் ஆகிவிட்டது. மேல்தளத்தில், இயந்திர அறையில், சமையற்கட்டில் என்று பலவிதமான வேலைகளுக்குப் போகிறார்கள். ஒரு சிலர் லங்காவியிலும் பங்கோரிலும் வந்து தங்கும் வெளிநாட்டுப் பாய்மரப் படகுகளில் துணை ஆளாகச் சேர்ந்து இந்தியப் பெருங்கடலைத் தாண்டுகிறார்கள். சம்பளத்தையும் விமான டிக்கெட்டையும் துருவித் துருவி விசாரிக்கும் குடும்பங்கள், வெளிநாட்டில் நோய்வாய்ப்பட்டால் மருத்துவமனைக் கட்டணத்தை யார் கட்டுவார்கள் என்பதை மட்டும் கேட்பதில்லை. வீட்டில் மருத்துவ அட்டை (தனியார் மருத்துவக் காப்புறுதி) ஒன்று இருக்கிறது, அது போதும் என்பதே பெரும்பாலோரின் எண்ணம். அந்த அட்டை தரையில் வாழ்பவருக்காக எழுதப்பட்டது. நீண்ட பயணத்தில் இருப்பவரின் செலவைத் தாங்க வேண்டியது அவர் கையெழுத்திட்ட வேலை ஒப்பந்தம். ஒப்பந்தமே இல்லாத படகு என்றால், அதற்கென்று தனியாக வாங்கிய காப்புறுதி.

எந்த வகைக் கப்பல்?

எல்லாவற்றுக்கும் முன்னால், ஏறப்போவது எந்த வகைக் கப்பல் என்று தெரிந்தாக வேண்டும். வணிகக் கப்பல்களில் வேலை செய்வோரின் உரிமைகளைக் கடல்சார் தொழிலாளர் உடன்படிக்கை வரையறுக்கிறது. 2006-ஆம் ஆண்டு ஜெனீவாவில் நிறைவேற்றப்பட்ட அது, 2013 ஆகஸ்ட் 20-ஆம் தேதி நடைமுறைக்கு வந்தது; மலேசியாவும் அதே ஆண்டில் அதனை ஏற்றுக்கொண்டது. கப்பலின் முதலாளி கிரேக்கராகவோ ஜப்பானியராகவோ இருக்கலாம், ஆனால் சட்டம் பார்ப்பது கப்பல் எந்த நாட்டின் கொடியில் பதிவாகியிருக்கிறது என்பதைத்தான். பனாமா, லைபீரியா, மார்ஷல் தீவுகள், சிங்கப்பூர் ஆகிய நாடுகள் அனைத்தும் இந்த உடன்படிக்கையை ஏற்றவை. மீன்பிடிக் கப்பல்களுக்கு இது பொருந்தாது. சொந்த உல்லாசத்துக்காக ஒருவர் ஓட்டிச் செல்லும் பாய்மரப் படகுக்கும் பொருந்தாது. ஆனால் வாடகைக்குப் பயணிகளை ஏற்றும் படகு வணிகத்தில் ஈடுபட்டதாகக் கருதப்படுவதால், அதில் வேலை செய்பவர் இந்தப் பாதுகாப்பைக் கோரலாம்.

வேலைக்கு ஆள் சேர்க்கும் ஏஜென்டிடம் கப்பலின் பெயரோடு அதன் ஐ.எம்.ஓ. எண்ணையும் (பன்னாட்டுக் கடல்சார் அமைப்பின் அடையாள எண்) கேட்டு வாங்குங்கள். கப்பலின் பெயர், கொடி, முதலாளி எதுவும் மாறலாம், ஆனால் 7 இலக்கமுள்ள இந்த எண் மாறுவதில்லை. ஈக்வாசிஸ் என்ற இணையத் தளத்தில் இலவசமாகப் பதிவு செய்துகொண்டு அந்த எண்ணைத் தட்டினால், கப்பலின் கொடி, அதன் பொறுப்புக் காப்புறுதியை வழங்கும் அமைப்பு, துறைமுகச் சோதனைகளில் அது பிடித்து வைக்கப்பட்ட வரலாறு ஆகியவற்றைக் கைப்பேசியிலேயே பார்த்துவிடலாம். காப்புறுதி அமைப்பின் பெயர் இருக்க வேண்டிய இடம் காலியாக இருந்தால், காரணத்தை ஏஜென்டிடம் எழுத்து மூலம் கேளுங்கள். எண்ணையே சொல்ல மறுக்கும் ஏஜென்டிடம் கடப்பிதழைக் கொடுக்காதீர்கள் என்பது என் கருத்து.

ஒப்பந்தத்தில் தேட வேண்டியவை

கப்பல் ஊழியர் வேலை ஒப்பந்தம் என்பது பல பக்கங்கள் கொண்ட காகிதம். விமானம் ஏறும் முதல் நாள் இரவு அதைக் கையில் கொடுத்துக் கையெழுத்துக் கேட்பது சில ஏஜென்டுகளின் வழக்கம். கையெழுத்திடுவதற்கு முன் அதைப் படித்துப் பார்க்கவும் பிறரிடம் ஆலோசனை கேட்கவும் ஊழியருக்கு வாய்ப்புத் தரப்பட வேண்டும், கையெழுத்தான பின் அசல் ஒன்று அவரிடமே இருக்க வேண்டும் என்று உடன்படிக்கை சொல்கிறது. ஆகவே முன்கூட்டியே கேட்டு வாங்கி, ஆங்கிலம் நன்றாகப் படிக்கத் தெரிந்த ஒருவரோடு உட்கார்ந்து பாருங்கள்.

முதலில் பார்க்க வேண்டியது, கப்பல் முதலாளியின் மருத்துவப் பொறுப்பு எவ்வளவு காலம் நீடிக்கிறது என்பது. வேலையில் சேர்ந்த நாளிலிருந்து ஊர் திரும்பும் வரை ஏற்படும் நோய்க்கும் காயத்துக்கும் சிகிச்சை, மருந்து, மருத்துவமனையில் தங்கும் செலவு, சாப்பாடு ஆகியவற்றை முதலாளியே ஏற்க வேண்டும். குணமாகும் வரை, அல்லது இனி முழுமையாகக் குணமாகாது என்று மருத்துவர் எழுதித் தரும் வரை இந்தப் பொறுப்பு உண்டு. ஆனால் கொடி நாட்டின் சட்டம் இதற்கு ஓர் எல்லை விதிக்கலாம். அந்த எல்லை 16 வாரத்துக்குக் குறையக் கூடாது. இந்த 16 வாரம் ஊருக்குத் திரும்பிய நாளிலிருந்து எண்ணப்படுவதில்லை, காயம் பட்ட அல்லது நோய் தொடங்கிய நாளிலிருந்தே எண்ணப்படுகிறது. டர்பனில் கால் முறிந்து அங்கேயே 5 வாரம் படுத்திருந்தவருக்கு, பந்திங் வந்து இறங்கும்போது மீதமிருப்பது 11 வாரம் மட்டுமே. அதற்குள் பிசியோதெரபியும், தேவைப்பட்டால் இரண்டாவது அறுவையும் முடிந்தாக வேண்டும். 130 நாள் என்றோ, குணமாகும் வரை என்றோ எழுதப்பட்டிருக்கும் ஒப்பந்தம் அதைவிட நல்லது.

அடுத்து நோய்க்காலச் சம்பளம். கப்பலில் இருக்கும் வரையும், ஊருக்கு அனுப்பப்படும் வரையும் முழுச் சம்பளம் உண்டு. அதன் பிறகு முழுச் சம்பளமா, அடிப்படைச் சம்பளம் மட்டுமா, அதுவும் எத்தனை வாரத்துக்கு என்பது ஒப்பந்தத்தையும் கொடி நாட்டின் சட்டத்தையும் பொறுத்தது. ஓவர்டைம் சேர்த்துக் கைக்கு வரும் தொகையை வைத்து வீட்டுக் கடனுக்குக் கணக்குப் போட்ட குடும்பம் திண்டாடுவது இந்த இடத்தில்தான்.

மூன்றாவது, பொறுப்பு இல்லாத சூழ்நிலைகள். பணியில் அல்லாமல் வேறு வகையில் ஏற்பட்ட காயம், தானே வேண்டுமென்று செய்த தவறினால் வந்த கேடு, வேலையில் சேரும்போது தெரிந்தே மறைத்த நோய் ஆகிய மூன்றுக்கும் முதலாளி கை விரிக்கலாம். துறைமுகத்தில் இறங்கிக் கடைத்தெருவுக்குப் போகும்போது விபத்து நேர்ந்தால் அது எதில் சேரும் என்பதை ஒப்பந்தம் தெளிவாகச் சொல்கிறதா என்று பாருங்கள்.

மரணத்துக்கும் நிரந்தர ஊனத்துக்கும் தரப்படும் இழப்பீட்டுத் தொகை எவ்வளவு என்றும் குறித்துக்கொள்ளுங்கள். 2017 ஜனவரி 18 முதல், இந்த இழப்பீட்டுக்கான நிதிப் பாதுகாப்புச் சான்றிதழைக் கப்பலில் எல்லோரும் பார்க்கும் இடத்தில் ஒட்டி வைக்க வேண்டும். கப்பலில் ஏறிய முதல் வாரத்திலேயே அதைக் கைப்பேசியில் படம் பிடித்து வீட்டுக்கு அனுப்பிவிடச் சொல்லுங்கள். அதில் காப்புறுதி அமைப்பின் பெயரும் தொடர்பு விவரமும் இருக்கும். பெரும்பாலும் அது பி அண்ட் ஐ கிளப் எனப்படும் அமைப்பாக இருக்கும். கப்பல் முதலாளிகளே கூட்டாகச் சேர்ந்து நடத்தும் இந்தக் கிளப்புகளில் ஒரு பன்னாட்டுக் குழுவைச் சேர்ந்தவை மட்டும் உலகக் கடற்கப்பல் கொள்ளளவில் ஏறத்தாழ 90 விழுக்காட்டுக்குக் காப்புறுதி தருகின்றன.

மலேசிய நிறுவனத்தில் சேர்பவர் சம்பளச் சீட்டில் சொக்சோ (சமூகப் பாதுகாப்பு அமைப்பு) பிடித்தம் இருக்கிறதா என்றும் கேட்க வேண்டும். வெளிநாட்டு நிறுவனம் நேரடியாக எடுக்கும் ஆளுக்கு அந்தப் பாதுகாப்பு தானாக வந்துவிடாது.

உடல் பரிசோதனையில் எதையும் மறைக்க வேண்டாம்

கடல் வேலைக்கான மருத்துவச் சான்றிதழ் அதிகபட்சம் 2 ஆண்டு செல்லும். 18 வயதுக்குக் குறைந்தவருக்கு 1 ஆண்டு. நம் மக்களிடையே இனிப்பு நீரும் இரத்த அழுத்தமும் அதிகம் என்பது தெரிந்த சங்கதி. சான்றிதழ் கிடைக்காமல் போய்விடுமோ என்று பயந்து, பரிசோதனைக்கு இரண்டு நாள் முன்பிருந்து பட்டினி கிடந்து, சாப்பிடும் மாத்திரையைப் பற்றி வாய் திறக்காமல் இருந்துவிடுகிறவர்கள் உண்டு. இது இரண்டு வழியில் ஆபத்து. நடுக்கடலில் மாத்திரை தீர்ந்துபோனால் வாங்குவதற்குக் கடை கிடையாது. அதைவிட, மறைத்தது தெரிய வந்தால் மேலே சொன்ன மூன்றாவது விலக்கின்படி மருத்துவமனைச் செலவு முழுவதும் குடும்பத்தின் தலையில் விழும். கட்டுப்பாட்டில் இருக்கும் இரத்த அழுத்தத்தோடு சான்றிதழ் பெற்றுக் கப்பலில் வேலை செய்பவர்கள் எத்தனையோ பேர். சாப்பிடும் மருந்தின் பெயரையும் அளவையும் படிவத்தில் எழுதி, ஒப்பந்தக் காலம் முழுவதற்கும் போதுமான மருந்தை மருத்துவரின் கடிதத்தோடு எடுத்துச் செல்வதே சரியான வழி.

பல் வலியைப் பலரும் அலட்சியம் செய்கிறார்கள். கப்பலில் பல் மருத்துவர் கிடையாது. அத்தியாவசியப் பல் சிகிச்சையும் முதலாளியின் பொறுப்பில் அடங்கும் என்றாலும், அடுத்த துறைமுகம் வரும் வரை இரண்டு வாரம் வலியோடு இருக்க வேண்டியது பிள்ளைதான். புறப்படுவதற்கு முன் அரசாங்கப் பல் கிளினிக்கில் ஒருமுறை காட்டிவிடுங்கள்.

பணம் பற்றியும் ஒரு வார்த்தை. மருத்துவச் சான்றிதழ், கடற்பணியாளர் புத்தகம், கடப்பிதழ் ஆகியவற்றின் செலவை ஊழியரிடம் வாங்கலாம். விசாச் செலவு முதலாளியைச் சேர்ந்தது. வேலை வாங்கித் தருவதற்கென்று ஊழியரிடம் கட்டணம் வாங்குவதை உடன்படிக்கை தடை செய்கிறது. ஆயிரக்கணக்கில் கேட்கிறவர் சட்டத்துக்குப் புறம்பாகக் கேட்கிறார்.

வீட்டிலுள்ள மருத்துவ அட்டை எதற்கு உதவும்

இயந்திர அறையில் வேலை செய்ய ஒன்பது மாத ஒப்பந்தத்தில் மகனை அனுப்பிய ஒரு தாய், பிரீமியம் கட்டிய ரசீதுகளை ரப்பர் வளையம் போட்டுக் கட்டி, பாலிசிப் புத்தகத்தோடு ஒரு நெகிழிப் பையில் கொண்டுவந்து காட்டினார். "தம்பி, இந்தக் கார்டு இருக்கிற வரைக்கும் புள்ளைக்கு எந்த ஊர்லயும் கவலையில்லதானே?" என்று கேட்டார். புத்தகத்தின் பின்பகுதியில், விலக்குகள் என்ற தலைப்புக்கும் கீழே, வெளிநாட்டுச் சிகிச்சை என்ற பத்தியில் பதில் இருந்தது: தொடர்ந்து 90 நாளுக்கு மேல் மலேசியாவுக்கு வெளியே இருப்பவருக்கு வெளிநாட்டில் பெறும் சிகிச்சைக்கு எந்தப் பயனும் இல்லை. அந்த மகன் புறப்பட்டு நான்காவது மாதம் நடந்துகொண்டிருந்தது.

இந்த வரி, அல்லது இதைப் போன்ற ஒரு வரி, மலேசியாவில் விற்கப்படும் பல மருத்துவ அட்டைகளில் இருக்கிறது. 90 நாளுக்கு உட்பட்டாலும் அவசரச் சிகிச்சைக்கு மட்டுமே பணம் கிடைக்கும் என்றும், அதுவும் அதே சிகிச்சைக்கு மலேசியாவில் ஆகக்கூடிய நியாயமான கட்டணத்துக்கு மேல் கிடைக்காது என்றும் பல பாலிசிகள் எழுதுகின்றன. இங்கே அரசாங்கக் கிளினிக்கில் 1 ரிங்கிட் கொடுத்து மருந்து வாங்கிப் பழகிய நமக்கு, அமெரிக்கத் துறைமுக நகரம் ஒன்றில் குடல்வால் அறுவைக்குப் பல்லாயிரம் டாலர் பில் வரும் என்பதை நினைத்துப் பார்ப்பதே கடினம். உள்நாட்டுக் கட்டண அளவில் கிடைக்கும் தொகை அதில் ஒரு மூலைக்கும் காணாது. தொழில் மாறியதைத் தெரிவிக்க வேண்டும் என்ற நிபந்தனையும் பல பாலிசிகளில் உண்டு. தோட்ட அலுவலகத்தில் கிராணி வேலை பார்த்தபோது எடுத்த பாலிசியில், இப்போது கப்பல் வேலை என்று எழுத்து மூலம் தெரிவித்துப் பதிலை வாங்கி வைப்பது அவசியம்.

அதற்காக அட்டையை ரத்து செய்துவிட வேண்டாம். விடுமுறைக்கு வரும் மாதங்களிலும், 16 வாரம் முடிந்த பிறகு தொடரும் சிகிச்சைக்கும் அதுதான் துணை. ரத்து செய்துவிட்டுப் பிறகு புதிதாக எடுத்தால், பொதுவான நோய்களுக்கு 30 நாள், இரத்த அழுத்தம், இனிப்பு நீர், கல்லடைப்பு, குடலிறக்கம் போன்ற குறிப்பிட்ட நோய்களுக்கு 120 நாள் என்று காத்திருப்புக் காலம் மறுபடியும் முதலிலிருந்து தொடங்கும். இடையில் வந்த நோய் ஏற்கெனவே இருந்த நோயாகக் கணக்கில் சேரும். புதிதாக எடுப்பவர்களுக்கு, பாலிசி கைக்கு வந்த 15 நாளுக்குள் பிடிக்கவில்லை என்றால் திருப்பிக் கொடுத்துப் பணத்தைப் பெறும் உரிமை இருக்கிறது. அந்த 15 நாளில் வெளிநாட்டுச் சிகிச்சைப் பத்தியைத் தேடிப் படியுங்கள், முகவரின் வாய்ச்சொல்லை நம்பி விட்டுவிடாதீர்கள்.

கப்பலில் நோய் வந்தால்

100 பேரோ அதற்கு மேற்பட்டோரோ ஏறி 3 நாளைத் தாண்டிய பன்னாட்டுப் பயணம் போகும் கப்பல்களில் மருத்துவர் இருக்க வேண்டும். சரக்குக் கப்பலில் இருபது, இருபத்தைந்து பேர்தான் இருப்பார்கள் என்பதால் மருத்துவர் இருப்பதில்லை. பயிற்சி பெற்ற அதிகாரி ஒருவர் மருந்துப் பெட்டியைக் கவனித்துக்கொள்வார். அவர் செயற்கைக்கோள் தொலைபேசியில் மருத்துவரிடம் ஆலோசனை கேட்கலாம். ரோம் நகரில் 1935 முதல் இயங்கிவரும் சிர்ம் என்ற வானொலி மருத்துவ மையம், எந்த நாட்டுக் கப்பல் என்று பாராமல் இலவசமாக இந்த ஆலோசனையைத் தருகிறது.

பிள்ளைகளுக்குச் சொல்லி அனுப்ப வேண்டியது இதுதான்: வலியைத் தாங்கிக்கொண்டு வேலை செய்வது பெருமை அல்ல, முதல் நாளே அதிகாரியிடம் சொல்லிப் பதிவு செய்ய வைக்க வேண்டும். கப்பலின் பதிவேட்டில் இல்லாத முதுகுவலி, ஊர் திரும்பிய பிறகு கப்பலில் வந்ததாக நிரூபிக்கப்படுவது மிகவும் கடினம். விபத்து அறிக்கையின் நகல், சிகிச்சைப் பதிவு, கரையில் பார்த்த மருத்துவரின் கடிதம் ஆகிய எல்லாவற்றையும் படம் பிடித்து அன்றைக்கே வீட்டுக்கு அனுப்பிவிட வேண்டும். துறைமுகத்தில் நின்றால், இயலும் இடங்களில் தாமதமின்றி மருத்துவரைப் பார்க்கும் உரிமை ஊழியருக்கு உண்டு. 2024 டிசம்பர் 23 முதல் நடைமுறைக்கு வந்த திருத்தம், உடனடிச் சிகிச்சை தேவைப்படும் ஊழியரைத் தாமதமின்றிக் கரை இறக்க வேண்டும் என்று துறைமுக நாடுகளையும் கட்டுப்படுத்துகிறது. கோவிட் காலத்தில் துறைமுகங்கள் கதவை அடைத்ததன் விளைவு இது.

கரையில் கப்பலின் ஏஜென்டும் பி அண்ட் ஐ கிளப்பின் உள்ளூர்ப் பிரதிநிதியும் மருத்துவமனைக்கு உத்தரவாதக் கடிதம் தருவார்கள். அனுமதிக்கும் முன் வைப்புத் தொகை கேட்கும் மருத்துவமனை இந்தக் கடிதத்தைப் பெரும்பாலும் ஏற்றுக்கொள்ளும். கைக்காசிலிருந்து எதையேனும் கட்ட நேர்ந்தால் அசல் ரசீதை விடக் கூடாது. ஊர் வந்து சேர்ந்ததும், ஒப்பந்தம் சொல்லும் கெடுவுக்குள் நிறுவனத்துக்குத் தகவல் கொடுத்து, அவர்கள் குறிப்பிடும் மருத்துவரைப் பார்க்க வேண்டும். கோயில் திருவிழா முடியட்டும் என்று இரண்டு வாரம் தள்ளிப்போட்டால், அந்த இரண்டு வாரமும் உங்கள் 16 வாரத்திலிருந்துதான் கழியும்.

பாய்மரப் படகில் துணை ஆளாகப் போகிறவர்கள்

இவர்களுடைய நிலை வேறு. 1999-இல் லங்காவியிலிருந்து புறப்பட்டுத் தனியாக உலகைச் சுற்றி வந்த அசார் மன்சூரின் சாதனைக்குப் பிறகு பாய்மரப் படகு மீது நம் இளைஞர்களுக்கும் ஆசை வந்தது நல்லதுதான். ஆனால் தனியார் உல்லாசப் படகின் உரிமையாளருக்கு மேலே சொன்ன உடன்படிக்கைப் பொறுப்பு எதுவும் கிடையாது. படகுக்கு எடுத்த காப்புறுதி, படகைத்தான் காக்கும். அதில் ஏறும் துணை ஆளின் மருத்துவச் செலவை அது ஏற்கிறதா என்று உரிமையாளரிடம் எழுத்து மூலம் கேளுங்கள்.

சாதாரணப் பயணக் காப்புறுதி வாங்கினால் போதும் என்று நினைப்பவர் நான்கு இடங்களைப் படிக்க வேண்டும். கரையிலிருந்து இத்தனை கடல் மைலுக்கு அப்பால் பாதுகாப்பு இல்லை என்ற வரி இருக்கிறதா? ஒரு பயணத்துக்கு 30, 60 அல்லது 90 நாள் என்ற உச்சவரம்பு இருக்கிறதா? சம்பளத்துக்கோ சாப்பாட்டுக்கோ படகில் வேலை செய்தால் விலக்கு என்கிறதா? நோயாளியை வேறு நாட்டுக்கு அழைத்துச் செல்லும் செலவுக்கு எவ்வளவு வரை தரும்? கடைசிக் கேள்விதான் எல்லாவற்றிலும் பெரிய தொகையைப் பற்றியது. கடலில் உயிரைக் காப்பாற்ற வரும் மீட்புப் படை பொதுவாகக் கட்டணம் கேட்பதில்லை. ஆனால் ஒரு தீவின் சிறிய கிளினிக்கிலிருந்து பெரிய மருத்துவமனைக்கு ஆம்புலன்ஸ் விமானத்தில் கொண்டுபோவது ஒரு லட்சம் அமெரிக்க டாலரைத் தாண்டுவதும் உண்டு. சிகிச்சைக்குப் பெரிய தொகையும் இடமாற்றத்துக்குச் சிறிய தொகையும் தரும் பாலிசி, கடல் பயணிக்குத் தலைகீழான பாலிசி.

மாதக்கணக்கில் போகிறவர்களுக்கு, பன்னாட்டு மருத்துவக் காப்புறுதி என்று தனியாக விற்கப்படுவதே பொருத்தமாக இருக்கும். அமெரிக்காவைத் தவிர்த்து எடுத்தால் பிரீமியம் கணிசமாகக் குறையும். மாலத்தீவு, சீஷெல்ஸ், மொரிஷியஸ், ரீயூனியன் வழியாகத் தென்னாப்பிரிக்கா போகிற படகுக்கு அமெரிக்கா தேவையே இல்லை. ரீயூனியன் பிரெஞ்சு மண் என்பதால் அங்கே மருத்துவமனை வசதி நன்றாக இருக்கும், பில்லும் ஐரோப்பிய அளவில்தான் வரும். கரும்புத் தோட்டங்களுக்குப் போன நம்மவர்களின் வழித்தோன்றல்களை அங்கும் மொரிஷியசிலும் பார்க்கலாம். ஆனால் அந்த உறவு கவுன்டரில் செல்லாது. சிறிய தீவுகளில் முதலில் பணம், பிறகு சிகிச்சை என்பதால், கொஞ்சம் ரொக்கமும் கடன் வரம்பு மிச்சமுள்ள அட்டை ஒன்றும் கையில் இருக்க வேண்டும்.

வீட்டில் ஒரு கோப்பு, தகராறு வந்தால் ஒரு வழி

ஒப்பந்தத்தின் நகல், கடப்பிதழ், மருத்துவச் சான்றிதழ், நிதிப் பாதுகாப்புச் சான்றிதழின் படம், மருத்துவ அட்டைப் பாலிசி, நிறுவனத்தின் இரவு நேரத் தொலைபேசி எண் ஆகியவை ஒரே கோப்பில் இருக்கட்டும். ஆங்கிலத்திலோ மலாயிலோ தொலைபேசியில் தயக்கமின்றிப் பேசக்கூடிய ஒருவர், அத்தை மகனோ பக்கத்து வீட்டு ஆசிரியரோ, அந்தக் கோப்பு எங்கே இருக்கிறது என்று தெரிந்தவராக இருக்க வேண்டும்.

முதலாளி சிகிச்சைக்குப் பணம் தர மறுத்தால், கப்பல் நிற்கும் வெளிநாட்டுத் துறைமுகத்தின் அதிகாரிகளிடமே ஊழியர் புகார் செய்யலாம். பன்னாட்டுப் போக்குவரத்துத் தொழிலாளர் சம்மேளனத்தின் ஆய்வாளர்கள் பல துறைமுகங்களில் இருக்கிறார்கள். ஐஸ்வான் என்ற நல அமைப்பு நடத்தும் சீஃபேரர்ஹெல்ப் சேவையைக் குடும்பத்தினரும் 24 மணி நேரமும் இலவசமாக அழைக்கலாம். ஊரில் இருந்தபடி முறையிட விரும்புவோருக்குக் கிள்ளான் துறைமுகத்தில் கடல்துறை இலாகாவின் தலைமையகம் இருக்கிறது. மலேசியக் காப்புறுதி நிறுவனம் கோரிக்கையை நிராகரித்தால், முதலில் அந்த நிறுவனத்தின் புகார்ப் பிரிவுக்கு எழுதி இறுதி முடிவை எழுத்தில் பெறுங்கள். அதன் பிறகு, 2025 ஜனவரி 1 முதல் இயங்கும் நிதிச் சந்தைக் குறைதீர்ப்புச் சேவையிடம் கட்டணமின்றி முறையிடலாம். இறுதி முடிவுக் கடிதத்தின் தேதியிலிருந்து 6 மாதத்துக்குள் முறையிட வேண்டும் என்பதால், அந்தக் கடிதம் வந்த உறையையும் சேர்த்தே கோப்பில் வையுங்கள்.